“இருமுங்க அய்யா” என்று சொன்னவர்களுக்கு

அன்புள்ள பிசியோதெரபிஸ்ட் அம்மா அவர்களுக்கும், அந்த வார்டின் இரவு சிஸ்டர் அவர்களுக்கும்,



அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். அதில் அறுவை செய்த டாக்டரின் பெயர் இருக்கிறது, மயக்க மருந்து கொடுத்தவரின் பெயர் இருக்கிறது, எந்த மாத்திரை எத்தனை வேளை என்பதும் இருக்கிறது. உங்கள் இருவரின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. டாக்டர்களைக் கிளம்பும்போதே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தோம். உங்கள் இருவரில் ஒருவருக்கு அன்று விடுப்பு, இன்னொருவர் இரவு வேலை முடிந்து வீட்டுக்குப் போயிருந்தார். அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன். எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. உங்களைப் போலவே பெயர் தெரியாமல் வார்டு வார்டாக உழைக்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். நாளைக்கு ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருப்பவர்களும் அவர்கள் வீட்டு ஆட்களும் படிக்க வேண்டும்.

நாங்கள் செட்டியார்பட்டிக்காரர்கள். ராஜபாளையத்துக்குப் பக்கம், தளவாய்புரத்தை ஒட்டிய ஊர். எங்கள் வட்டாரத்துக்குச் சோறு போடுவது பஞ்சும் நூலும்தான். தளவாய்புரத்தில் வீட்டுக்கு வீடு நைட்டி தைக்கிறார்கள். ராஜபாளையத்தில் 1930களிலிருந்து நூற்பாலைகள் ஓடுகின்றன. இந்தப் பக்கம் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்கும் காஸ் துணிக்கும் பேர்போனது. நாட்டின் எத்தனையோ ஆபரேஷன் தியேட்டர்களில் ரத்தம் ஒற்றுகிற துணி எங்கள் ஆட்கள் விசைத்தறியில் நெய்ததுதான். காயத்தைக் கட்டும் துணியை அனுப்பிக்கொண்டே இருக்கிற ஊர்க்காரர்களுக்கு, காயத்தைக் கட்டிய பிறகு நுரையீரலுக்கு என்ன ஆகும் என்பது தெரியாது. நீங்கள் சொல்லித்தான் எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது.

அப்பா மில்லில் புளோரூமிலும் கார்டிங்கிலும் வேலை பார்த்தவர். பஞ்சுப் பொதியை உடைத்துப் போடும் இடம் அது, தூசி அதிகம். வார லீவு முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் நெஞ்சைப் பிடிக்கும் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயின் முதல் அடையாளமே அதுதான் என்பது மில்லில் அவர் கூட நின்ற யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அதற்கு மேல் பீடி வேறு. இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரை திறந்து இரைப்பையில் ஒரு பகுதியை எடுக்க வேண்டும் என்று மதுரையில் சொன்னார்கள். வீட்டில் எல்லோரும் பயந்தது கத்தியை நினைத்துத்தான்.

ஆபரேஷனுக்குப் பிட்னஸ் சான்று வாங்க வரிசையில் நின்ற அன்றுதான் உங்களை முதலில் பார்த்தோம், பிசியோ அம்மா. மயக்க மருந்து டாக்டர் அப்பாவின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு உங்களிடம் அனுப்பினார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அப்பாவுக்கு நேர் எதிரில் உட்கார்ந்தீர்கள். அவ்வளவு கூட்டத்திலும் அரை மணி நேரம் பேசினீர்கள். எங்களிடம் பேசவில்லை, அவரிடமே பேசினீர்கள். வயதான நோயாளியை விட்டுவிட்டுக் கூட வந்த படித்த பிள்ளையிடம் விவரம் சொல்வதுதான் பெரும்பாலும் நடக்கிறது. உங்களுக்கோ மூச்சிழுக்கவும் இருமவும் போகிறவர் யார் என்பது தெரிந்திருந்தது.

“அய்யா, ஆபரேஷன் முடிஞ்சு முழிக்கும்போது வயிறு வலிக்கும். வலிக்குப் பயந்து நீங்க மேலோட்டமா மூச்சு விடுவீங்க. அப்ப நுரையீரலோட அடிப்பக்கம், நனைஞ்ச பாலித்தீன் பை ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிற மாதிரி ஒட்டிக்கும். அதைத் திறக்கிறது என் வேலை இல்ல, டாக்டர் வேலையும் இல்ல. உங்களால மட்டும்தான் முடியும்.”

இதைச் சொல்லிவிட்டு அங்கேயே செய்ய வைத்தீர்கள். மூக்கு வழியாக மெதுவாக, விலா விரிய மூச்சை இழுப்பது, கொஞ்சம் நிறுத்துவது, விடுவது. தலையணையை மடித்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமுவது. வாயைத் திறந்து கண்ணாடியில் ஆவி படிய வைப்பதுபோல் ‘ஹா’ என்று காற்றைத் தள்ளிச் சளியை மேலே கொண்டுவருவது. கட்டிலில் ஒருக்களித்து, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுவது. மயக்கம் தெளிந்ததிலிருந்து முழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இதைச் செய்ய வேண்டும் என்றீர்கள். பீடியை அன்றே நிறுத்தச் சொன்னீர்கள். நான்கு வாரமாவது புகை இல்லாமல் இருந்தால் நுரையீரலுக்குக் கொஞ்சம் உயிர் வரும் என்று காரணமும் சொன்னீர்கள். ஆபரேஷனுக்கு ஒரு மாதம் இருந்தது. அப்பா நிறுத்திவிட்டார். வீட்டில் அம்மா வருஷக்கணக்கில் சொல்லியும் நடக்காதது அது.

வீட்டுக்கு வந்த பிறகு நான் தேடித்தேடிப் படித்தேன். மயக்க மருந்து கொடுத்து மல்லாக்கப் படுக்க வைத்த சில நிமிடங்களிலேயே உதரவிதானம் மேலேறி, முதுகுப் பக்கத்து நுரையீரல் காற்றிழந்து சுருங்கத் தொடங்குகிறது. முழு மயக்கத்தில் இருப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது நடக்கிறது என்று ஸ்கேன் வைத்துப் பார்த்த ஆய்வுகள் சொல்கின்றன. சின்ன ஆபரேஷன், இளம் உடம்பு என்றால் எழுந்து நடந்ததும் தானாகச் சரியாகிவிடும். மேல்வயிற்றில் நீளமான தையல் உள்ளவர் அவ்வளவு எளிதில் மீள்வதில்லை. நாமெல்லாம் நம்மை அறியாமலே மணிக்குப் பலமுறை பெருமூச்சு விடுகிறோம், கொட்டாவி விடுகிறோம். ஒட்டிக்கொண்ட காற்றறைகளை அந்தப் பெருமூச்சுதான் திறந்துவிடுகிறது. தையல் வலியில் பெருமூச்சு நின்றுபோகிறது, இருமலும் நின்றுபோகிறது. புகையும் தூசியும் பட்டுப்பட்டு மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் ஏற்கெனவே சோர்ந்திருந்தால், சளியை மேலே தள்ள ஆள் இல்லை. தேங்கிய சளியில் வாயிலிருந்து கிருமி இறங்குகிறது. காய்ச்சல், வேகமான மூச்சு, நிறம் மாறிய சளி என்று நிமோனியா வந்து நிற்கிறது. வயதானவர்களுக்குச் சில சமயம் காய்ச்சல்கூட இல்லாமல் வெறும் குழப்பமான பேச்சாகத்தான் அது தொடங்கும். தையல் நன்றாக ஆறிக்கொண்டிருக்கும்போதே ஆளை ஐசியூவுக்கும் வெண்டிலேட்டருக்கும் கொண்டுபோவது இந்த வழிதான்.

நீங்கள் கொடுத்த அந்த அரை மணி நேரத்தின் மதிப்பு என்ன என்பதற்கு ஒரு கணக்கும் கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் லான்செஸ்டன் நகரத்தில் ஐயாந்தி போடன் என்ற பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார். அவர் தலைமையில் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலுமாக மூன்று மருத்துவமனைகளில், மேல்வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்துகொள்ளவிருந்த 441 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஒரு சிறு புத்தகம் மட்டும். மறு பாதிக்கு அந்தப் புத்தகத்தோடு, ஆபரேஷனுக்கு முன் ஒரே ஒரு தடவை, 30 நிமிடம், பிசியோதெரபிஸ்ட் நேரில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். புத்தகம் மட்டும் வாங்கியவர்களில் 100க்கு 27 பேருக்கு நுரையீரல் சிக்கல் வந்தது. சொல்லிக் கொடுக்கப்பட்டவர்களில் 100க்கு 12 பேருக்குத்தான் வந்தது. 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இது வெளியானது. புது மருந்து எதுவும் இல்லை, இயந்திரமும் இல்லை. ஒரு ஆள் இன்னொரு ஆளிடம், முன்கூட்டியே, புரியும்படி பேசியிருக்கிறார். உங்களுக்கு இந்த ஆய்வு தெரிந்திருக்கலாம். தெரியாமலே உங்கள் அனுபவத்தில் செய்திருந்தாலும் என் நன்றி குறையாது.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் நடந்ததைத்தான் நான் விரிவாக எழுத வேண்டும்.

எங்கள் பக்கம் பாசம் எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பச்சை உடம்பு, காற்றுப் படக்கூடாது, அசையக்கூடாது, பேசக்கூடாது. காதில் பஞ்சு வைத்துக் கழுத்துவரை போர்வை மூடியாகிவிட்டது. செட்டியார்பட்டியிலிருந்தும் முகவூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் திருவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் என்று பஸ்ஸில் உட்கார்ந்து, ஹார்லிக்ஸும் பழமும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அத்தைதான் அப்பாவின் தலைமாட்டில் இருந்தார், அவருடைய கூடப்பிறந்த அக்கா. அப்பா லேசாக இருமினால்கூட, “இருமாதடா, தையல் பிரிஞ்சிரும்” என்று வாயைப் பொத்தப் போவார். அத்தை சொல்வதில் கெட்ட எண்ணம் ஒரு துளி கிடையாது. தம்பிக்கு வலிக்கக்கூடாது, அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் நீங்கள் வந்து, “அய்யா, எந்திரிச்சு உக்காருவோமா?” என்று கேட்டீர்கள். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. நேற்றுத்தான் அறுத்திருக்கிறார்கள், இன்றைக்கு எழுப்பி உட்கார வைக்கிறாயே, உனக்கு மனசாட்சி இருக்கிறதா என்று கேட்டார். வார்டே திரும்பிப் பார்த்தது. அப்போது நீங்கள் ஒன்று செய்தீர்கள். அத்தையை வெளியே போகச் சொல்லவில்லை. அவரை அருகில் கூப்பிட்டு, அவர் கையை எடுத்து அப்பாவின் முதுகில், கீழ்ப்பக்கம் வைத்தீர்கள். “அம்மா, அய்யா மூச்சு இழுக்கும்போது கை அசையுதா பாருங்க” என்றீர்கள். அசையவில்லை. “இங்கதான் சளி கட்டும். இங்க காத்து போறவரைக்கும் நாம விடக்கூடாது. நீங்க கூட இருந்து சொன்னாத்தான் அய்யா கேப்பாரு. தையல் பிரியாது, தலையணைய நல்லா அணைச்சுப் பிடிச்சா பிரியாது, நான் பொறுப்பு.”

அதற்குப் பிறகு அத்தைதான் உங்கள் ஆள். மணிக்கு ஒருமுறை, “டேய், இழுத்து மூச்சு விடு, என் கைக்குத் தெரியணும்” என்று அதட்டத் தொடங்கினார். தலையணையை அவரே பிடித்துக்கொண்டார். அன்று மாலையே இரண்டு பேர் தாங்கலில் அப்பா நின்றார். மறுநாள் டியூப், மூத்திரப் பை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வார்டு வாசல்வரை நடந்தார். பயிற்சி எந்தப் பாடப் புத்தகத்திலும் இருக்கும். ஊரே கூடி நின்று படுத்திரு என்று சொல்லும்போது, அந்த ஊரையே தன் பக்கம் திருப்புவது எதில் இருக்கிறது? எங்களைப் போன்ற குடும்பங்களோடு பழகிப் பழகி நீங்களே கண்டுபிடித்த வித்தை அது என்று நினைக்கிறேன்.

அத்தைக்கு ஆதரவாக ஒன்று சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்குப் பின் அசையாமல் படுக்கவேண்டும் என்பதை ஒரு காலத்தில் பெரிய பெரிய டாக்டர்களே நம்பினார்கள், வாரக்கணக்கில் படுக்கவும் வைத்தார்கள். சிகாகோவில் எமில் ரீஸ் 1899இலேயே நோயாளிகளைச் சீக்கிரம் எழுப்பலாம் என்று எழுதினார், யாரும் பெரிதாகக் காது கொடுக்கவில்லை. லண்டனில் வில்லியம் பாஸ்டர் என்ற மருத்துவர் வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு நுரையீரலின் ஒரு மடலே காற்றிழந்து சுருங்கிப்போவதை 1910இல் விவரித்தார். டெட்ராய்ட்டில் டேனியல் லைதாசர் 1930களின் கடைசியிலிருந்து நோயாளிகளை உடனே நடக்கவைத்து, 1946இல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். இரண்டாம் உலகப் போரில் கட்டில் பற்றாக்குறை வந்தபோதுதான் பல மருத்துவமனைகள் அந்தப் பக்கம் திரும்பின. அறிவியல் இவ்வளவு மெதுவாக மாறியிருக்கும்போது, அத்தை ஒரே பகலில் மாறினார். அதில் அவருக்கும் பெருமை உண்டு, உங்களுக்கும் உண்டு.

இரவு சிஸ்டர் அவர்களே, இனி உங்களுக்கு.

உங்கள் வேலையில் எதையும் யாரும் படம் பிடிக்க மாட்டார்கள். ராத்திரி அப்பா கட்டிலில் சரிந்து சரிந்து தட்டையாகப் படுத்துவிடுவார். ஒவ்வொரு சுற்றிலும் அவரை மேலே ஏற்றிக் கட்டிலின் தலைப்பக்கத்தை 30 டிகிரிக்குக் குறையாமல் நிமிர்த்திவிட்டுப் போவீர்கள். வாய்வழியாகக் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, படுத்த வாக்கிலேயே ஸ்பூனில் கஞ்சி ஊட்டப்போன சித்தியின் கையைப் பிடித்து நிறுத்தி, அப்பாவை நன்றாக உட்கார வைத்த பிறகே ஊட்டவிட்டீர்கள். புரையேறி நுரையீரலுக்குள் போகிற ஒரு வாய்க் கஞ்சி என்ன செய்யும் என்பதை இரண்டே வாக்கியத்தில் சொன்னீர்கள். காலையும் இரவும் பல் துலக்க வைத்தீர்கள். சாப்பிடாத மனிதருக்கு எதற்குப் பல் துலக்கல் என்று பக்கத்துக் கட்டில்காரர் கேட்டார். சாப்பிடாத வாயில்தான் கிருமி பெருகும், அதுதான் கீழே இறங்கும் என்றீர்கள்.

எல்லாவற்றிலும் பெரியது வலி ஊசி. எங்கள் ஆட்கள் வலியைத் தாங்குவதைப் பெருமையாக நினைப்பவர்கள். “வலிக்குதா?” என்றால் அப்பா இல்லை என்றுதான் சொல்வார். நீங்கள் அப்படிக் கேட்கவே இல்லை. “இருமிக் காட்டுங்க” என்றீர்கள். இரும முடியாமல் முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டு டாக்டருக்குப் போன் போட்டு மருந்துக்குச் சொன்னீர்கள். இருமுகிற அளவுக்கு வலி அடங்கியிருக்க வேண்டும், தூங்கி விழுகிற அளவுக்கு மருந்து ஏறக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஆளை நிறுத்துவதற்கு ராத்திரி முழுக்க ஒருவர் முழித்திருந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் பாஸ்டன் மெடிக்கல் சென்டரில், மற்ற மருத்துவமனைகளைவிடத் தங்களிடம் ஆபரேஷனுக்குப் பின் நுரையீரல் சிக்கல் அதிகம் வருகிறது என்று கண்டு, ‘ஐ காஃப்’ என்ற பெயரில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஆழ்ந்து மூச்சிழுக்க வைப்பது, இரும வைப்பது, வாயைச் சுத்தமாக வைப்பது, நோயாளிக்கும் வீட்டாருக்கும் புரியவைப்பது, கட்டிலை விட்டு இறக்கி நடக்க வைப்பது, தலைமாட்டை உயர்த்துவது, இவ்வளவுதான். நிமோனியா வந்தவர்கள் 2.6 சதவீதத்திலிருந்து 1.6 ஆனார்கள். திடீரென்று மீண்டும் மூச்சுக்குழாயில் டியூப் போட வேண்டி வந்தவர்கள் 2.0இலிருந்து 1.2 ஆனார்கள். 2013இல் இந்த முடிவுகள் வெளிவந்தன. படித்தபோது எனக்கு நீங்கள்தான் கண்ணில் நின்றீர்கள். அங்கே ஒரு குழு கூடித் திட்டமாக வகுத்ததை இங்கே, தலைக்கு இவ்வளவு நோயாளி என்று திணறுகிற வார்டில், ஒரே ஆளாகச் செய்துகொண்டிருந்தீர்கள்.

மூச்சுப் பயிற்சிக்குக் கொடுக்கும் மூன்று பந்து டப்பாவைப் பற்றியும் எழுத வேண்டும். கொரோனா காலத்தில் ராஜபாளையத்து மெடிக்கல் கடைகளில்கூட அது தொங்கியது. எங்கள் ஊரில் எல்லோரும் அதைப் பந்து ஊதுகிற டப்பா என்கிறார்கள், ஊதவும் செய்கிறார்கள். அப்பாவும் முதலில் ஊதினார். “உள்ள இழுக்கணும் அய்யா, ஊதக்கூடாது” என்று டப்பாவை அவர் கையில் நிமிர்த்திப் பிடிக்கவைத்து, ஒரு பந்து எழும்பினாலும் போதும், மெதுவாக, நேரம் எடுத்து இழுங்கள் என்றீர்கள். 600, 900, 1200 என்று எழுதியிருக்கும் மூன்றையும் ஒரே இழுப்பில் தூக்கிக் காட்டுவதைப் பந்தயமாக நினைத்த பக்கத்துக் கட்டில் தம்பிக்கும் அன்று பாடம் நடந்தது. கொட்டாவியும் பெருமூச்சும் நுரையீரலைத் திறக்கும் விதத்தைப் பார்த்து, 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க அறுவை மருத்துவர் ராபர்ட் பார்ட்லெட் உருவாக்கிய கருவி இந்த வகை. நாம் செய்திகளில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்ட எக்மோ சிகிச்சையை வளர்த்தெடுத்தவரும் அவர்தான். அவ்வளவு பெரிய இயந்திரத்தைத் தந்தவரே இந்தப் பிளாஸ்டிக் டப்பாவையும் முக்கியமாக நினைத்திருக்கிறார். ஆனால் மேல்வயிற்று ஆபரேஷனுக்குப் பின் டப்பாவை மட்டும் கொடுத்தால் சிக்கல் குறைகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை என்று, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அறிக்கை 2014இல் சொன்னது. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. எத்தனையோ கட்டில்களில் டப்பா உறை பிரிக்காமலே கிடப்பதைப் பார்த்தேன். மருந்துச் சீட்டில் எழுதியதால் வாங்கியிருக்கிறார்கள், எப்படி என்று சொல்ல அந்தக் கட்டிலுக்கு ஆள் வரவில்லை.

அதனால்தான் இந்த நன்றியோடு ஒரு கோரிக்கையையும் சேர்க்கிறேன். இது உங்களிடம் வைப்பதல்ல, உங்களைப் போன்றவர்களை நியமிக்க வேண்டியவர்களிடம் வைப்பது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவரும் ஏற்பாடு இருக்கிறது. அப்பா வீடு திரும்பிய பிறகு எங்கள் தெருவுக்கும் வந்து பார்த்தார்கள், அவர்களுக்கும் நன்றி. 2022 ஜனவரியில் எங்கள் மாவட்டத்துக்கென்று விருதுநகரில் ஒரு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. கட்டடமும் திட்டமும் வந்த இடங்களில், மேல்வயிற்றையோ நெஞ்சையோ திறக்கப்போகிற ஒவ்வொருவருக்கும் தேதி கொடுக்கும்போதே அந்த அரை மணி நேரத்தையும் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். அறுவை வார்டில் ஞாயிற்றுக்கிழமையும் பிசியோதெரபிஸ்ட் இருக்க வேண்டும். சனிக்கிழமை ஆபரேஷன் ஆனவரின் நுரையீரல் திங்கட்கிழமைவரை காத்திருக்காது. பஞ்சாலையிலும் விசைத்தறியிலும் பட்டாசிலும் அச்சகத்திலும் நெஞ்சைக் கொடுத்து உழைத்தவர்கள் நிறைந்த மாவட்டத்துக்கு இது அதிகப்படியான ஆசை கிடையாது.

அப்பா நன்றாக இருக்கிறார். கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை சாப்பிடுகிறார், காலையில் தளவாய்புரம் பக்கம் நடக்கிறார். பீடி இல்லை. எதிர் வீட்டு அண்ணாச்சிக்குப் பித்தப்பையில் கல், லேப்ராஸ்கோப்பியில் எடுக்க முடியாமல் போனால் திறந்துதான் செய்ய வேண்டியிருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். சத்திரப்பட்டியில் தறி ஓட்டியவர், இருமல் எப்போதும் உண்டு. அப்பா தினமும் சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடியை விடச் சொல்லிச் சண்டை போடுகிறார், தலையணை பிடிக்கக் கற்றுக் கொடுக்கிறார். ஆனாலும் உங்கள் வாயால் கேட்டால்தான் அண்ணாச்சிக்கு நம்பிக்கை வரும்போல் இருக்கிறது. அடுத்த வாரம் பிட்னஸ் வாங்க அவரை மதுரைக்குக் கூட்டி வருகிறோம். அத்தையும் வருகிறார். பிசியோ அம்மா, கூட்டம் எவ்வளவு இருந்தாலும் அண்ணாச்சிக்கும் ஒரு அரை மணி நேரம் ஒதுக்கித் தாருங்கள். சிஸ்டர், அன்று உங்களுக்கு இரவு வேலைதான் என்றால் நாங்கள் மாலைவரை இருந்து உங்களைப் பார்த்துவிட்டே கிளம்புகிறோம்.


உங்கள் வார்டில் அப்பாவோடு இருந்த மகள்,
செட்டியார்பட்டி.